ஐந்து விரல் கையுறை

அறிவிப்பை ஒட்டியது என் தம்பிதான். தைரியமாக ஒட்டினான் என்று சொல்ல மாட்டேன். காலை எட்டு மணிக்கு நான் உள்ளே வருவதைப் பார்த்ததும், பசை காய்வதற்குள் தன் கண்ணாடி அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்று மாதத்தில் பாதுகாப்பு ஆய்வு வருகிறதாம். அன்றிலிருந்து துணி வெட்டுகிறவர்கள் எல்லாரும், துணியைப் பிடிக்கும் கையில் ஐந்து விரல் இரும்புக் கையுறை போட்டிருக்க வேண்டுமாம். மூன்று விரல் கையுறை செல்லாது. போட முடியாதவர்கள் ஸ்டிக்கர் மேசைக்கு மாற்றப்படுவார்கள். பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் எங்கள் வெட்டும் அறையில் ஐந்து விரல் கையுறை போட முடியாத ஆள் ஒருத்திதான். அது நான்.

எங்களுடையது சட்டை தைக்கும் தொழிற்சாலை. நீளமான மேசையில் துணியை அறுபது, எண்பது அடுக்காக விரிப்போம். மேலே கோடு போட்ட காகிதம். ஓரங்களில் இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப். பிறகு வெட்டும் மெஷினை அந்தக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். மெஷினின் கைப்பிடி வலது கையில். இடது கை துணியின் மேல் தட்டையாக, பிளேடுக்கு நாலு விரல் தள்ளி, கூடவே நகர்ந்துகொண்டு வரும். துணி ஒரு நூல் நகர்ந்தாலும் அறுபது சட்டையும் கோணல். அதனால்தான் இடது கைக்கு இரும்பு வளையங்கள் கோத்த கையுறை. இருபத்தாறு வருடமாக நான் செய்வது இதைத்தான். எல்லாரும் என்னைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைப் பார்த்து வைத்த பெயர் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் கிடக்கிறார்.

என் இடது கைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன் மோதிர விரலுக்குக் கீழே, உள்ளங்கையில், ஒரு பயறு அளவுக்குக் கட்டி வந்தது. வலி கிடையாது. வலி இல்லாததை யார் கண்டுகொள்கிறார்கள்? அப்புறம் அந்த இடத்தில் தோல் குழிந்தது. குழியிலிருந்து விரலுக்கு ஒரு கயிறு மாதிரி தடித்துக்கொண்டு போனது. துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சுருக்கம் விழுமே, அப்படி. முதலில் மோதிர விரல் மடங்கியது, பின்னாலேயே சுண்டு விரல். நிமிர்த்தினாலும் நிமிராது.

முகம் கழுவினால் கண்ணில் விரல் குத்தும். முதல் தடவை குத்தி நான் அலறியபோது என் வீட்டுக்காரர், "ஊரு கண்ணுல எல்லாம் விரல விட்டு ஆட்டினவ, கடைசில உன் கண்ணுலயே விட்டுக்கிட்டியா?" என்றார். சிரித்துவிட்டேன். வேலையில் சிரிக்க முடியவில்லை. எடை குறைவாக இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி மூன்று விரல் கையுறைக்கு மாறினேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் இரும்புக்குள்ளே. மற்ற இரண்டும் வெளியே, அம்மணமாக. போன வருடம் பிளேடு என் சுண்டு விரல் நகத்தைச் சீவிக்கொண்டு போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆக, அறிவிப்பு தப்பு என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அதை ஒட்டிவிட்டு ஓடினானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன். தம்பி எங்களுக்குச் சூப்பர்வைசர். தொழிற்சாலைக்குள் என்னை நீங்க, வாங்க என்பான். வாசலைத் தாண்டினால் நீ, போ. அவ்வளவு ஒழுங்கு.

"அக்கா, இது நான் போட்ட ரூல் இல்ல. மேலயிருந்து வந்தது. ஸ்டிக்கர் மேசைல உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம். சம்பளமும் குறையாது."

"சம்பளத்தப் பத்தி நான் கேட்டேனா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது உனக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சு. மூணு மாசம் இருக்கில்ல? பாக்கலாம்."

அவன் என் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டிக்கர் மேசை கெட்ட வேலை இல்லை. வெட்டிய துண்டுகளில் எண் ஒட்ட வேண்டும். அங்கே இருக்கும் பெண்களுக்கு அது வேலை. எனக்கு அது ஓரம். மெஷினின் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாரோ கோணலாக வெட்டியதற்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே என் கை பொதுச் சொத்தாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். இந்த இடத்தில்தான் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். வேறு எந்தத் தொழில்காரருக்கும் அது தோன்றியிருக்காது. அயர்ன் பகுதியில் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் அவருக்கு ஆவி மாஸ்டர் என்று பெயர். சாப்பாட்டு இடைவேளையில் வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி சுருங்கினா என்ன பண்ணுவோம் அக்கா?"

"ஆவி குடுத்து இழுப்போம்."

"அப்புறம்?"

"கிளாம்ப் போட்டு ஆற விடுவோம்."

"அவ்வளவுதானே!"

அவ்வளவுதானே என்று எனக்கும் பட்டது. எத்தனை ஆயிரம் சட்டை அப்படி நேரானதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்! ஈரத் துணியைச் சுற்றி ஸ்டீம் அயர்னைப் பிடித்தார். ஒரு நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு விரல்களின் மேல் மரச் சட்டத்தை வைத்துக் கிளாம்பை முறுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்றேன். ரோஷம் யாரை விட்டது? துணியைப் பிரித்தபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். விரல்கள் ஒரு நெல் அளவுக்குக்கூட நகரவில்லை. ஆவி மாஸ்டர் அழுதுவிட்டார். அவரை நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

கொப்புளத்தைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே கைக்கென்றே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. கட்டைப் பிரித்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார் பண்ணினது இது?"

"எங்க மாஸ்டர்."

"அவர் டாக்டரா?"

"துணிக்கு" என்றேன்.

டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு என் வலது கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னார். ஒட்டிக்கொண்டது. இடது கையை வைத்தேன். கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. அடியில் ஒரு எலி போய் வரலாம்.

"இது நரம்புச் சுருக்கம்தானே டாக்டர்? கம்பெனி டாக்டர் களிம்பு குடுத்தார்."

"நரம்பும் இல்ல, விரல இழுக்கிற தசைநாரும் இல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில ஒரு விரிப்பு மாதிரி சவ்வு இருக்கு. அது தடிச்சு, கயிறாத் திரண்டு, விரல உள்பக்கமா இழுக்குது. டூப்யூட்ரான்னு பேரு. யாரோ ஒரு பழைய டாக்டரோட பேரு. நீவி விட்டாலோ இழுத்துக் கட்டினாலோ சரியாகாது. ஆவி பிடிச்சா சத்தியமா ஆகாது."

"மெஷின் புடிச்சுப் புடிச்சு வந்ததா?"

"வேலையால வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

என் அப்பாவுக்கு இரண்டு கையும் இப்படித்தான் இருந்தது. அவர் கொஞ்சம் குடிப்பார். குடித்துக் குடித்துக் கை சுருண்டுபோயிற்று என்று தெருவே சொன்னது. அம்மா சொன்னாள். நானும் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே யாரோ அந்தக் கையைக் காட்டிச் சிரித்தபோது, அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை நானும் தம்பியும் பார்த்தோம். குடி அதைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், ஆனால் அடிப்படை ரத்தத்திலேயே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இருபது வருடம் ஒரு மனுஷனைக் குற்றவாளி மாதிரி நடத்தியிருக்கிறோம். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

"என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றேன்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, உள்ளங்கையைத் திறந்து அந்தக் கயிற்றை வெட்டி எடுப்பது. அது நன்றாகவே நிற்கும், ஆனால் கை பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய ஊசி முனையால் கயிற்றை அங்கங்கே குத்தி அறுத்து, விரலை இழுத்து நிமிர்த்துவது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

"ஊசியால பண்ணினா திரும்ப வருமா?"

"வர வாய்ப்பு அதிகம். சில வருஷத்துல வரலாம். இன்னொரு கைக்கும் வரலாம்."

"திரும்ப வந்தா திரும்பக் குத்துவீங்களா?"

"தேவைப்பட்டா குத்தலாம்."

"அப்ப குத்துங்க."

"இன்னொண்ணு சொல்லிடறேன். சுண்டு விரலோட நடு மூட்டு ரொம்ப நாளா மடங்கியே இறுகிப்போச்சு. அது முழுசா நிமிராது. பொய்யா நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் கொப்புளம் ஆறி நல்ல தோல் வராமல் ஊசியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். ஆறுவதற்கு ஒரு மாதம் போனது, ஊசிக்கு முறை வர இன்னும் மூன்று வாரம். ஆவி மாஸ்டரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவரை விட என்னை அதிகமாகத் திட்டினேன்.

ஊசி போட்ட அன்று நான் கண்ணை மூடவில்லை. தைக்கிறதையும் வெட்டுகிறதையும் பார்த்தே வளர்ந்தவள், என் கையில் நடப்பதைப் பார்க்காமல் இருப்பேனா? குத்திக் குத்தி, டாக்டரம்மா மோதிர விரலைப் பிடித்து மெல்ல இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம். நல்ல தடித்த நூல் அறுந்த சத்தம். நாலு வருடமாகச் சுருண்டு கிடந்த விரல் என் கண் முன்னாலேயே நிமிர்ந்து நின்றது. "அடி ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த என் வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். சுண்டு விரல் அடி மூட்டில் விடுபட்டது, நடு மூட்டில் கொக்கி மாதிரியே நின்றுவிட்டது. சொன்னது சொன்னபடி.

பத்து நாள் கழித்து, காயம் ஆறியதும், ஸ்டோருக்குப் போய் ஐந்து விரல் கையுறையை வாங்கி இடது கையில் மாட்டினேன். மோதிர விரல் உள்ளே போனது. சுண்டு விரல் பாதியில் நின்றது. கையுறையின் நுனி காலியாகத் தொங்கியது. பெரிய அளவு கேட்டேன். அது எல்லா விரலிலும் தொளதொளத்தது. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் மண்ணைத் தூவலாம். பிளேடின் கண்ணில் தூவ முடியாது. தொங்குகிற இரும்பு பிளேடில் சிக்கினால் கையே உள்ளே போகும். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். இவ்வளவு குத்தியும், இவ்வளவு வாயாடியும், கடைசியில் ஸ்டிக்கர் மேசைதானா? டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். வலது கையில் பை இருந்தது. இடது கை தானாகப் பாய்ந்து கம்பியைப் பிடித்தது. நாலு வருடமாக அந்தக் கையால் எந்தக் கம்பியையும் பிடித்ததில்லை. இரண்டு விரல் உள்ளங்கையை அடைத்துக்கொண்டிருந்தால் கம்பி எங்கே நுழையும்? இப்போது நுழைந்தது. நிமிராத சுண்டு விரல் கம்பியைச் சுற்றிக் கொக்கி போட்டுக்கொண்டது. பஸ் குலுங்கியது, கை நழுவவில்லை.

எங்கள் மெஷினின் கைப்பிடியும் ஏறக்குறைய அதே பருமன்.

நான் இடது கை என்று ஏன் இவ்வளவு நாள் முட்டிக்கொண்டேன்? துணியைப் பிடிக்கத்தானே தட்டையான கை வேண்டும்? தட்டையான கை ஒன்று எனக்கு இருக்கிறதே! மடங்கின கை மெஷினைப் பிடிக்கட்டும், நல்ல கை கையுறையைப் போட்டுக்கொள்ளட்டும். என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி வேகமாக நடந்தேன். நின்று வர எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே தொழிற்சாலையில் இருந்தேன். கழிவுத் துணியை அடுக்கி, இடது கையால் மெஷினை ஓட்டினேன். முதல் நாள் வெட்டிய நேர்க்கோட்டைப் பார்த்த ஆவி மாஸ்டர், "அக்கா, இது பாம்பா?" என்றார். கொப்புளத்துக்கு வட்டியும் சேர்த்து அவருக்குப் பதில் சொன்னேன். இருபத்தாறு வருடப் பழக்கம் முழுக்க வலது கையில்தான் இருந்தது. தலைக்குத் தெரிகிறது, இடது கைக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் நேர்க்கோடு நேரானது. இரண்டாவது வாரம் காலர். சட்டையின் அக்குள் வளைவுதான் உயிரை வாங்கியது. மேல் அடுக்கு சரியாக வரும், அடி அடுக்கு சரிந்துவிடும்.

ஒரு காலையில் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். யாரும் இல்லாததால் நீ போட்டான்.

"அக்கா, வேணாம். விட்டுடு."

"ஏன்டா?"

"எல்லாரும் உன் கையவே பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதுக்கென்ன, காசா குடுக்கறாங்க?"

"எனக்குப் பாக்க முடியல."

"அப்ப கண்ணாடி அறையில திரை போட்டுக்க! என்னைய இந்த மேசைய விட்டு ஓட்டறதுல உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்? கூடப் பொறந்தவன்தானே நீ?"

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பிப் போய்விட்டான். நான் அடுத்த அடுக்கைப் போட்டேன். அன்று வெட்டிய வளைவு அத்தனையும் கோணல்.

ஆய்வு நாள் வந்தது. மேனேஜர் காலையிலேயே, "கத்தரி அக்கா, நீங்க இன்னிக்கு ஸ்டிக்கர் மேசைல உக்காருங்க, பிரச்சனை வேணாம்" என்றார். காதில் விழாத மாதிரி என் மேசைக்குப் போனேன். வலது கையில் ஐந்து விரல் கையுறையை மாட்டி, வாரை இறுக்கினேன். ஐந்து விரலும் ஒழுங்காக உள்ளே போயின.

ஆய்வுக்கு வந்தவர் என் வயசுப் பெண்மணி. நின்று பார்த்தார்.

"நீங்க இடது கைக்காரரா?"

"மூணு வாரமா" என்றேன்.

மேனேஜர் குறுக்கே விழுந்தார். "மேடம், இவங்களுக்கு இடது கை விரல் நிமிராது. நாங்க மாத்தறதாத்தான் இருந்தோம்."

அந்தப் பெண்மணி என் இடது கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக் காட்டினேன். சுவிட்சை நிறுத்தச் சொன்னார். கட்டை விரலால் நிறுத்தினேன். "துணியப் பிடிக்கிற கைக்குத்தான் கையுறை ரூல். அந்தக் கைல கையுறை இருக்கு. பிடியும் சரியா இருக்கு. வெட்டறது சரியா வருதான்னு உங்க சூப்பர்வைசர் பாத்து எழுதிக் குடுக்கட்டும்" என்றார்.

எல்லார் கண்ணும் தம்பியின் மேல் திரும்பியது. அவன் என்னைப் பார்க்காமலே, "அக்குள் வளைவு. அறுபது அடுக்கு. வெட்டுங்க" என்றான். பாவி, அதைத்தான் கேட்பான் என்று தெரியும்.

மெஷினைப் போட்டேன். வலது கை துணியை அழுத்தியது. இடது கை கைப்பிடியில். அவசரப்படவில்லை. வளைவு திரும்புகிற இடத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு மெதுவாக ஒரு வளைவை நான் வெட்டியதில்லை. முடித்து மெஷினை நிறுத்தினேன்.

தம்பி மேல் துண்டை எடுத்தான். அடித் துண்டை எடுத்தான். ஒன்றின் மேல் ஒன்றை மேசையில் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். இரண்டும் ஒன்றாகப் படிந்தன. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

"சரியா இருக்கு" என்றான். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஆவி மாஸ்டர் கைதட்டினார், பிறகு எல்லாருமே தட்டினார்கள். நான் தட்டவில்லை. தம்பியின் இடது கை இன்னும் அந்தத் துணியின் மேல்தான் இருந்தது. மோதிர விரலுக்குக் கீழே உள்ளங்கை துணியில் படியவில்லை. துணிக்கும் கைக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளி எனக்குத் தெரியாததா?

ஆய்வுக்காரர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் அவன் கையைப் பிடித்துத் திருப்பினேன். இழுக்கப் பார்த்தான். விடவில்லை. கட்டி, குழி, மெல்லிதாக ஒரு கயிறு.

"எத்தனை நாளாடா?"

"ஒன்றரை வருஷமா."

"ஏன் சொல்லல?"

"அப்பா கைய மறைச்சுக்கிட்டு நின்னாரே, ஞாபகம் இருக்கா? உன் கையப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு அதான்... நீ கண்ணுக்கு எதிர்ல இல்லன்னா மறந்துடலாம்னு நெனச்சேன். உன்ன ஓட்டணும்னு இல்லக்கா."

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள், வெட்ட வேண்டிய துணியும் இருந்தது.

"அப்பா குடிச்சதால வரலடா அது. டாக்டர் சொல்லிட்டாங்க. அவரு மறைச்சிருக்கவே வேணாம்." அவன் விரல்களை நிமிர்த்திப் பார்த்தேன். நிமிர்ந்தன, கடைசியில் கொஞ்சம் மட்டும் இழுத்தன. "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. இந்த வாரமே போய் டாக்டரம்மாகிட்டக் காட்டறோம். அதுவரைக்கும் யாரையும் இதுல கிளாம்ப் போட விடாத, புரியுதா?"

தலையாட்டினான். கண் நிறைந்திருந்தது.

"பயமா இருக்கா?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான். திரும்ப வரும்னு சொல்லியிருக்காங்க. இந்த நல்ல கைக்கும் வரலாம்னாங்க. வந்தா பாத்துக்கலாம்." துணிக் கட்டைத் தூக்கி மேசையில் போட்டேன். "வா, அந்தப் பக்கம் புடி."

சூப்பர்வைசர்கள் துணி பிடிப்பதில்லை. அவன் சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். பிறகு மேசையின் மறுபக்கம் போய், எல்லாரும் பார்க்க, அந்தக் கையாலேயே துணியின் முனையைப் பிடித்தான். இரண்டு பேருமாக விரித்தோம்.